பரணில் இருக்கிறது உங்கள் புது வீட்டு இன்டீரியர்! பாட்டி காலத்து பீரோவை விற்கும் முன் இதைப் படியுங்கள்

“இத என்னம்மா பண்றது? லிஃப்ட்லகூடப் போகாது.”

“உங்க தாத்தா கல்யாணத்தப்போ செஞ்ச பீரோடா அது.”

“பழைய சாமான்காரர் சாயங்காலம் வரேன்னிருக்கார். மொத்தமா ஒரு ரேட் போட்டுத் தரேங்கறார். புது வீட்டுக்கு மேட்ச்சா வார்ட்ரோப் ஆர்டர் போட்டாச்சும்மா.”

அம்மா அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. பீரோவின் உள் அறையில் ஒட்டியிருந்த பழைய காலண்டர் முருகன் படத்தை மட்டும் நகத்தால் மெதுவாக உரித்து எடுத்துக்கொள்கிறார்.

வீடு மாறும் நாள்களில் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களிலும் நடக்கும் காட்சி இது. தேக்கு பீரோ, ஈஸி சேர், பிரம்பு பின்னிய நாற்காலி, கால் ஆடும் எழுத்து மேசை, இலவம் பஞ்சு மெத்தை, பித்தளை அண்டா... எல்லாம் ஒரு மினி லாரியில் ஏறிப் போய்விடும். புது ஃபிளாட்டுக்குள் பளபளவென்று வேறு சாமான்கள் வந்து இறங்கும், பெரும்பாலும் ஈ.எம்.ஐ-யில்.

விற்றவருக்குத் தெரியாத ஒன்று அந்தப் பழைய சாமான்காரருக்குத் தெரியும். அந்தப் பீரோவில் இருக்கும் மரத்தின் மதிப்பு!

வைரம் பாய்ந்த கட்டை

தேக்கு மரத்தின் வெளிப்பகுதி வெளிறிய நிறத்தில் இருக்கும். நடுப்பகுதி பொன்பழுப்பு. அந்த நடுப்பகுதியைத்தான் ‘வைரம்’ என்பார்கள் தச்சர்கள். அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசையும் கரையானுக்குப் பிடிக்காத வேதிப்பொருள்களும் இருக்கின்றன. நூறு வருடக் கதவு உளுக்காமல் நிற்பதற்கு இதுதான் காரணம். மரம் முதிர முதிரத்தான் வைரம் பெருகும். வேகமாக வளர்த்துச் சீக்கிரமே வெட்டும் இன்றைய தோட்டத்துத் தேக்கில் வெள்ளைப் பகுதி அதிகம். உளுக்கும் பூச்சி முதலில் கை வைப்பது அந்த வெள்ளையில்தான்.

கேரளத்தின் நிலம்பூரில் 1840-களில் ஆங்கிலேயர் காலத்தில் தேக்குத் தோட்டம் போடத் தொடங்கினார்கள். ஒரு தேக்கு நல்ல மரமாக 50, 60 ஆண்டுகள் வேண்டும். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் இருப்பதில் பெரும்பகுதி அதைவிட முதிர்ந்த காட்டு மரம், குறிப்பாக ‘பர்மா தேக்கு’. ரங்கூனிலும் மோல்மீனிலும் தொழில் செய்த நகரத்தார் செட்டிநாட்டுக்குக் கப்பலில் கொண்டுவந்த தூண்கள் இன்றும் காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளில் நிற்கின்றன. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் மரத்தை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்துவிட்டது. இன்று தேக்கு, கன அடிக்குச் சில ஆயிரம் ரூபாய். தாத்தா வாங்கிய அதே தரத்தில் மரம் வேண்டுமென்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஈட்டி மரம் என்றால் இன்னும் சிக்கல். தோதகத்தி என்றும் ரோஸ்வுட் என்றும் சொல்வது இதைத்தான். இதைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. 2017-லிருந்து பன்னாட்டு வணிகத்திலும் கட்டுப்பாடு. ஆகவே பாட்டி வீட்டில் கறுத்துப் போய் ஒரு மூலையில் கிடக்கும் கனத்த நாற்காலி ஈட்டியாக இருந்தால், அதே போல இன்னொன்று செய்வது எளிதல்ல.

சரி, புது வார்ட்ரோப்பில் என்ன இருக்கிறது?

விலை குறைந்த ரெடிமேட் அலமாரிகளில் பெரும்பாலும் இருப்பது பார்ட்டிகிள் போர்டு. மரச்சிராய்களையும் தூளையும் பசையோடு கலந்து அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் போலவே தெரியும் மெல்லிய தாள் ஒட்டியிருக்கும். பார்க்க அழகு. விலையும் கைக்கு எட்டும். வாடகை வீட்டில் புதுக்குடித்தனம் போடும் தம்பதிக்கு அதுவும் ஒரு தீர்வுதான், குறை சொல்வதற்கில்லை.

பிரச்னை, தண்ணீர் பட்டால் தெரியும். டீயில் விழுந்த ரஸ்க் போல ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். நல்ல மரச் சாமான் நனைந்தால் கழுவி, நிழலில் காயவைத்து, பாலீஷ் போட்டு மறுபடி எடுத்துவிடலாம். வெயிலில் மட்டும் போடக்கூடாது, வெடித்துவிடும்.

அடுத்த சிக்கல் வீடு மாறும்போது. ஒருமுறை கழற்றிய திருகை அதே ஓட்டையில் திரும்ப முறுக்கினால் பிடிக்காது, தூள் உதிரும். மூன்றாவது வாடகை வீட்டுக்குப் போகும்போது கதவு தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, அந்தப் ‘புது ஃபர்னிச்சர் வாசனை’. இந்தப் பலகைகளில் பரவலாகப் பயன்படும் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அது மெதுவாகக் காற்றில் கசியும். கண் எரிச்சல், தொண்டை எரிச்சல் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்காகப் பதற வேண்டியதில்லை. கசிவு குறைந்த பலகைகளும் வருகின்றன. இ1, இ0 என்ற குறி இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். ஜன்னலைத் திறந்துவைத்தால் கசிவு தேங்காது. சமையலறையில் பிளைவுட்தான் போட வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தாங்கும் ரகம் அது. பக்கத்திலேயே ஐ.எஸ். 303 என்று ஒன்று இருக்கும். அதில் சாதாரண ஈரம் மட்டுமே தாங்கும் ரகமும் உண்டு. கடையில் இரண்டையும் ‘வாட்டர் ப்ரூஃப் சார்’ என்றுதான் சொல்வார்கள்.

இப்படி வாங்கி வாங்கித் தூக்கிப் போட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்கா ஓர் உதாரணம். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, 1960-ல் குப்பைக்கு வந்த வீட்டுத் தளவாடங்கள் சுமார் 22 லட்சம் டன். 2018-ல் சுமார் 1.2 கோடி டன். அதில் 80 சதவிகிதம் நேராக மண்ணுக்குள் போனது. பசையும் தாளும் ஒட்டிய பலகையைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அந்த மரம் காற்றிலிருந்து எடுத்துச் சேமித்தது அது. பீரோ பீரோவாக இருக்கும்வரை அந்தக் கார்பனும் அதற்குள்ளேயேதான் இருக்கும்.

லிஃப்டில் போகாத பீரோ

முதலில் மகன் சொன்ன பிரச்னைக்கு வருவோம். பழைய பெரிய பீரோக்களில் பல, கழற்றிப் பூட்டும்படி செய்யப்பட்டவை. மேலே இருக்கும் வேலைப்பாட்டுக் கிரீடம் தனியாக வரும். அடிப்பீடம் தனி. கதவைக் கீலிலிருந்து எடுத்துவிடலாம். சிலவற்றில் பக்கப் பலகைகளே மர முளைகளில்தான் நிற்கும், ஆணியே இருக்காது. பெரிய கட்டில்களும் அப்படித்தான். கழற்றுவதற்கு முன்பு மொபைலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் சாக்பீஸால் எண் போட்டுவிடுங்கள். திருகாணிகளைத் தனித்தனி கவரில் போட்டு அந்தந்தப் பலகையோடு கட்டிவைத்தால், புது வீட்டில் தச்சருக்கு அரை நாள் மிச்சம்.

பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் ஆள்கள் இதைச் செய்ய மாட்டார்கள். சுத்தியலால் தட்டிக் கழற்றிவிடுவார்கள். வயதான தச்சர் ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துக்கொள்வது நல்லது. எங்கே தேடுவது? பக்கத்து மரக்கடையில் கேளுங்கள். யார் யார் பழைய வேலைக்காரர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ரிப்பேர் வேலையை ‘மொத்தமாக இவ்வளவு’ என்று பேசாமல் நாள் கூலியாகவே பேசுவது நல்லது. பழைய மரத்தைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்கும் தெரியாது. மொத்தமாகப் பேசினால் அவசரத்தில் ஆணி அடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஆமாம், ஆணி. ஆடும் நாற்காலிக் காலில் ஆணி அடிப்பதுதான் பழைய சாமானுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். அந்தக் கால நாற்காலியில் ஒரு சட்டத்தில் துளை போட்டு, இன்னொரு சட்டத்தின் முனையைச் செதுக்கி அதில் இறுக்கியிருப்பார்கள். காய்ந்து காய்ந்து அந்த இணைப்பு தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்து, ஒரு நாள் கயிற்றால் முறுக்கிக் கட்டிவைத்தால் இன்னொரு தலைமுறைக்கு ஆடாது. ஆணி அடித்தால் மரம் பிளக்கும். அடுத்த முறை சரிசெய்யவே முடியாது.

பாலீஷ் போடும் முன்...

பழைய மரச் சாமான்களில் பெரும்பாலும் இருப்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணி உருண்டையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பாலீஷ். பிரெஞ்ச் பாலீஷ் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலீஷ்தான். அதன் பலம், எத்தனை முறை வேண்டுமானாலும் பழையதன் மேலேயே ஏற்றிக்கொள்ளலாம். பலவீனம், சூடும் ஸ்பிரிட்டும் ஆகாது. சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். கொரோனா காலத்தில் சானிட்டைசர் தெளித்து மேசையைத் துடைத்தவர்களுக்குத் திட்டுத்திட்டாகப் போன காரணமும் இதுதான். வளையம் விழுந்துவிட்டதே என்று மொத்தமாக உப்புத்தாள் போட்டு இழைத்துவிடாதீர்கள். பாலீஷ்காரர் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடுவார்.

பெயின்ட் அடித்த பழைய சாமான் என்றால் மட்டும் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. அந்தக் கால எனாமல் பெயின்ட்டுகளில் ஈயம் இருந்திருக்கலாம். இந்தியாவில் வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள், சிவப்பு பெயின்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் வரும் தூசி, குழந்தைகளுக்கு மிக ஆபத்து. மூளை வளர்ச்சியையே பாதிக்கும். தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தொட்டு, வெட்டவெளியில், மாஸ்க் போட்டு, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்தில் செய்யச் சொல்லுங்கள். உரியாமல் கெட்டியாக இருக்கும் பெயின்ட் என்றால் தேய்க்காமல் மேலேயே புது பெயின்ட் அடித்துவிடலாம். பெயின்ட் உரியும் பழைய தொட்டில், நடைவண்டி ஆகியவற்றை ‘அப்பா தூங்கின தொட்டில்’ என்ற பாசத்தில் அப்படியே குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கடித்துவிடும்.

இரும்பு பீரோவும் இந்தக் கதையில் சேர்த்திதான். கோத்ரெஜ் நிறுவனம் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923-ல். ‘கோத்ரெஜ்’ என்பதே நம் ஊரில் பீரோவுக்கு இன்னொரு பெயராகிவிட்டது. கல்யாணச் சீராக வந்து, கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்கும் அந்த பீரோவில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டே விஷயங்கள். பூட்டு, பெயின்ட். இரண்டையும் மாற்ற ஆள் இருக்கிறார்கள். கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கும் பட்டறையில் கொடுத்தால், கரும்பச்சையோ அடர்நீலமோ, உங்கள் அறைக்குப் பிடித்த நிறத்தில் வந்துவிடும். சாம்பல் நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தெருவில் கேட்கும் அந்தக் குரல்

“பழைய மெத்த, தலகாணி புதுசு பண்றது...” என்ற குரல் இன்னும் சில தெருக்களில் கேட்கிறது. இலவம் பஞ்சு மெத்தையை உறையைப் பிரித்து, கட்டிதட்டிய பஞ்சை அடித்துப் பொலபொலவென்று ஆக்கி, குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேர்த்து, வாசலிலேயே தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போடிநாயக்கனூர் பக்கம் இன்றும் இலவம் பஞ்சுத் தொழில் நடக்கிறது. ஃபோம் மெத்தை அமுங்கிவிட்டால் அமுங்கியதுதான். பஞ்சு மெத்தைக்கு மறுபிறவி உண்டு. மாதம் ஒருமுறை மொட்டை மாடியில் வெயில் காட்டினால் போதும்.

பிரம்பு நாற்காலி பின்னுவதும் இப்படித்தான். அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் வேலையில் பார்வையற்றவர்கள் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறார்கள். விரலே கண்ணாக அவர்கள் பின்னும் வலையில் ஓர் இழைகூட தப்பாது. உட்காரும் இடம் கிழிந்துவிட்டது என்று நாற்காலியைத் தூக்கிப் போடுவது, செருப்பு வார் அறுந்ததற்குக் காலை வெட்டிக்கொள்வது மாதிரி! உங்கள் ஊரில் பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சி மையம் இருந்தால் முதலில் அங்கே விசாரியுங்கள். பிரம்பு வேண்டாம், சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்றால் பிளாஸ்டிக் ஒயர் பின்னல் இருக்கவே இருக்கிறது. மழையில் பால்கனியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

சோபாவைத் தூக்கிப் போடும் முன் ஒரு சின்னப் பரிசோதனை. முன்னங்கால் ஒன்றை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். அடுத்த முன்னங்காலும் கூடவே எழுந்தால் சட்டம் உறுதியாக இருக்கிறது. துணியையும் ஃபோமையும் மட்டும் மாற்றினால் போதும். ஒரு கால் தூக்கி இன்னொரு கால் தரையிலேயே நின்றால், சட்டம் தளர்ந்துவிட்டது. மேல்துணிக்குச் செலவழிக்காதீர்கள்.

தரையையும் விட்டுவிடக்கூடாது. 1970, 80-களில் கட்டிய வீடுகளில் மொசைக் தரை இருக்கும். மங்கலாகத் தெரிகிறது என்று அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். மெஷின் போட்டு ஒருமுறை பாலீஷ் செய்தால் புதிதாக வந்துவிடும் தரை அது. வெளிநாட்டு இன்டீரியர் பத்திரிகைகளில் ‘டெராஸோ’ என்று கொண்டாடுவது இதே மொசைக்கைத்தான்! ஆத்தங்குடி கல் பதித்த வீடு என்றால் ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கையால் செய்த சிமென்ட் கல், நிறம் போய்விடும். நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கத்தான் அது மெருகேறும்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. 800 சதுர அடி ஃபிளாட்டில் தாத்தா வீட்டையே இறக்க நினைத்தால் குடோன் ஆகிவிடும். அறைக்கு ஒரு பழைய பொருள் போதும். அதைச் சுற்றி இடம் விட்டால்தான் அது அழகாகத் தெரியும். சுவர் வெள்ளையாக இருந்து, ஒற்றைத் தேக்கு பீரோவும், பவானி ஜமக்காளமும், ஓரத்தில் செடி வைத்த பித்தளை அண்டாவும் இருந்தால், அதற்குமேல் அந்த அறைக்கு எதுவும் தேவைப்படாது. அண்டாவுக்குள் நேராக மண் போடாமல், தொட்டியோடு செடியை இறக்கி வையுங்கள். ஈரமும் உரமும் பட்டால் பித்தளை பச்சை பூக்கும்.

இன்னொரு விதி, பயன்படுத்த வேண்டும். ஆட்டுக்கல்லை ஹாலில் ஸ்பாட் லைட் போட்டு வைத்துவிட்டு கிச்சனில் கிரைண்டர் ஓடுகிறது என்றால், அது அருங்காட்சியகம். டிரங்குப் பெட்டி, போர்வை வைக்கும் டீப்பாய் ஆகலாம். ஒன்பது நாள் மட்டும் வெளியே வரும் கொலுப்படி, மீதி நாள்களில் புத்தக அலமாரியாகவோ பால்கனிச் செடிப்படியாகவோ நிற்கலாம். தையல் மெஷினின் இரும்புக் கால்களுக்கு மேல் ஒரு பலகை போட்டால் லேப்டாப் மேசை. நைந்த நூல் புடவைகள் ஜன்னல் திரையாகும். பட்டுப்புடவையை மட்டும் நேர் வெயில் விழும் ஜன்னலில் மாட்டாதீர்கள், இழை இற்றுவிடும். பத்தமடைப் பாய் விரிக்கவும் செய்யலாம், கட்டில் தலைமாட்டில் சுவரோடு பதிக்கவும் செய்யலாம்.

லாரி பேக்கர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், ஓடுகளைத் தேடி வாங்கிப் புது வீடுகளில் பொருத்தினார். பழைய பாட்டில்களைக்கூட விடவில்லை, சுவரில் பதித்து வெளிச்சம் வரவைத்தார். உட்கார செங்கல் மேடையே கட்டிவிட்டால் சோபா எதற்கு என்பது அவர் கட்சி. நம் திண்ணையும் அதே கட்சிதான்.

பழைய மரத்தில் புதிதாகச் செய்வதற்கும் ஒரு நன்மை உண்டு. பல ஆண்டுகள் காய்ந்து பக்குவப்பட்ட மரம் அது. புது மரம் போல வளையாது, சுருங்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு வெளிமாநில ஆர்க்கிடெக்ட்டுகள் வந்து தூணும் கதவும் அள்ளிக்கொண்டு போவது இதற்காகவும்தான். அங்கே வாங்கப் போனால், பலகையின் ஓரத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் இருக்கும் ரேகை ஓரத்திலும் தொடர்ந்தால் முழு மரம். ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் மேலே ஒட்டியது. இழுப்பறையை வெளியே எடுத்து அதன் பின்பக்கத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது. பொய் சொல்பவர்கள் அதுவரை மெனக்கெட மாட்டார்கள். ஓட்டைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பேரம் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். மெத்தை தைத்த சாமான் என்றால் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே வீட்டுக்குள் ஏற்ற வேண்டும்.

இடிக்கும் வீட்டில் கதவு யாருக்கு?

அதிகக் குடும்பங்கள் ஏமாறும் இடம் இது. தனி வீட்டை பில்டரிடம் கொடுத்து, ஜாயின்ட் வென்ச்சரில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். எத்தனை சதுர அடி, எத்தனை கார் பார்க்கிங் என்றெல்லாம் பேசுவார்கள். இடிக்கும்போது வரும் நிலைக்கதவு, ஜன்னல், உத்திரம், கம்பி யாருக்கு என்று பேச மாட்டார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது பில்டருக்கு என்று ஒரு வரி இருக்கும். அல்லது இடிக்கும் கான்ட்ராக்டருக்குக் கூலியோடு கூலியாகப் போய்விடும். பாட்டி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிய வாசற்கால், ஒரே நாளில் மரக்கடைக்குப் போய்விடும். பிறகு கேட்டால் திரும்பி வராது.

கையெழுத்துப் போடும் முன்பே, ‘இன்னின்ன மரச் சாமான்கள் உரிமையாளருக்கு’ என்று பட்டியலோடு ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். பில்டர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், கேட்பவர்தான் குறைவு. அந்தக் கதவை நான்காவது மாடி ஃபிளாட்டுக்கே தலைவாசல் கதவாக வைக்கலாம். அளவை ஆர்க்கிடெக்ட்டிடம் பிளான் போடும்போதே கொடுத்துவிட வேண்டும், கட்டி முடித்த பிறகு கதவு நுழையாது. ஒரு வீட்டையே கழற்றிக் கொண்டுபோய் மறுபடி நிறுத்த முடியும் என்பதற்குச் சென்னை முட்டுக்காட்டில் 1996-லிருந்து இயங்கும் தட்சிணசித்ரா சாட்சி. அங்கிருக்கும் செட்டிநாட்டு வீடும் கேரள வீடும் வேறு ஊர்களில் நின்றவை.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு தகவல். ‘தாத்தாவின் மேசையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறேன்’ என்று கன்டெய்னர் புக் செய்யும் முன் அதன் வயதைக் கணக்குப் போடுங்கள். 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, நூறு ஆண்டுகளைத் தாண்டிய கலைப்பொருள்களைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. அதற்கு உட்படாத பழைய சாமான் என்றால், ‘இது தொன்மைப் பொருள் அல்ல’ என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிவிட்டு அனுப்புவது பாதுகாப்பு. இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிற்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

பீரோ, கதவு எல்லாம் பெரிய வேலையாகத் தெரிந்தால், ஈஸி சேரில் தொடங்கலாம். பரணிலோ கட்டிலுக்கடியிலோ மடித்துக் கிடக்கும். சட்டம் பெரும்பாலும் தேக்காகவே இருக்கும். துணி மட்டும் இற்றுப் போயிருக்கும். இரண்டு மீட்டர் கெட்டித் துணி, இரண்டு ஓரமும் கட்டை நுழையும் அளவுக்கு மடித்து ஒரு தையல். டெய்லருக்குக் கால் மணி நேர வேலை. ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்து, காய்ந்ததும் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் நிறம் எழும்பிவிடும்.

துணி மாட்டியதும், மேல் கட்டையும் கீழ்க் கட்டையும் சரியாகக் கோத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருங்கள். வீட்டில் வாண்டுகள் இருந்தால், ஒவ்வொரு முறையும்!